ரொறன்ரோவில் வசந்த கால வீட்டுச் சந்தை: வாங்குபவர்களும் விற்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்ச் மாதம் பனி கரையத் தொடங்கியதும் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் நம்மவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு வீட்டு விலையில்தான் போய் நிற்கும். அப்படிப்பட்ட பேச்சுகளில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்து, எனக்குத் தெரிந்த பதில்களோடு இங்கே போட்டிருக்கிறேன். எல்லாம் ஒன்ராறியோ விதிகள். ஆஃபர் (இந்த விலைக்கு வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுப்பது) போடும் இரவில் எடுக்கிற முடிவுகளில் முக்கால்வாசி அதற்கு ஒரு மாதம் முன்பே எடுத்திருக்க வேண்டியவை என்பது என் கட்சி, கீழே உள்ள பதில்களிலும் அந்த வாடை அடிக்கும்.

ஏன் எல்லோரும் மார்ச்சிலிருந்து மே வரைதான் முட்டி மோதுகிறார்கள்?

பிள்ளைகளின் பள்ளிக்கூடம்தான் முதல் காரணம். ஏப்ரலில் வாங்கினால் ஜூன் கடைசியில் குளோசிங் (காசு கொடுத்துச் சாவி வாங்கும் நாள்), செப்டெம்பரில் புதுப் பள்ளிக்கூடம், கணக்கு சரியாக வரும். பனிக்காலத்தில் வீட்டை விற்பனைக்குப் போட யாருக்கும் மனம் வராது, புல் பச்சையானால் வீடும் பார்க்க வடிவாக இருக்கும். ஆக, விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். எல்லா வசந்தமும் சூடாக இருக்கும் என்றும் இல்லை, 2025 வசந்தம் மந்தமாகத்தான் போனது. அப்படிப்பட்ட ஆண்டிலும் நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள், அளவான விலையில் வருகிற வீட்டுக்குப் போட்டி இருக்கத்தான் செய்யும்.

இப்போது ஒரு வீடு இருக்கிறது, பெரிதாக ஒன்று வேண்டும். முதலில் விற்பதா, வாங்குவதா?

கையில் தாராளமாகக் காசு இல்லாதவர்கள் முதலில் விற்பதுதான் நல்லது. வாங்கிவிட்டு விற்கப் போனால், சந்தை ஒரு கிழமை மந்தமானாலே வந்த விலைக்குக் கொடுத்துவிடலாமா என்று நெஞ்சு பதறும். இரண்டு குளோசிங்குக்கும் இடையில் சில நாள் இடைவெளி இருந்தால் அதைச் சமாளிக்க வங்கி பிரிட்ஜ் லோன் என்ற இடைக்காலக் கடன் தரும், ஆனால் உங்கள் வீடு நிபந்தனை எதுவும் இல்லாமல் உறுதியாக விற்கப்பட்டிருந்தால்தான் பொதுவாகத் தருவார்கள். விற்காத வீட்டை நம்பிப் பிரிட்ஜ் லோன் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

முதலில் விற்றுவிட்டு வீடு கிடைக்காவிட்டால் தெருவிலா நிற்பது என்று அடுத்த கேள்வி வரும். குளோசிங் நாளை 90 நாள், 120 நாள் என்று தள்ளிக் கேளுங்கள். தேவைப்பட்டால் சில மாதம் வாடகைக்கு இருங்கள். அது தொல்லைதான், ஆனால் இரண்டு மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கட்டுவதைவிடக் குறைந்த தொல்லை.

8 லட்சம் டொலர் வீட்டுக்குக் கையில் எவ்வளவு காசு வேண்டும்?

எல்லோரும் டவுன் பேமென்டை, அதாவது விலையில் தாங்கள் கையிலிருந்து கட்டும் பங்கை மட்டும் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். விதிப்படி முதல் 5 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் உள்ளதற்கு 10 சதவீதம், ஆக 55,000. மீதி 745,000 கடன். 20 சதவீதத்துக்குக் குறைவாகக் கட்டுவதால் மோர்ட்கேஜ் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும், 25 வருடக் கடனுக்கு 4 சதவீதம் என்று பார்த்தால் 29,800. அதைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள், ஆனால் அதன் மேல் உள்ள 8 சதவீத மாகாண வரி, 2,384 டொலர், குளோசிங்கில் கைக்காசாகப் போகும். இதைப் பலரும் கடைசிக் கிழமையில் லோயர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்தது லேண்ட் டிரான்ஸ்ஃபர் டாக்ஸ், வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்டும் வரி. 8 லட்சத்துக்கு மாகாணத்துக்கு 12,475. வீடு ரொறன்ரோ நகர எல்லைக்குள் இருந்தால் நகரத்துக்கும் இன்னொரு 12,475. ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே இருக்கும் ஸ்காபரோ வீட்டுக்கு இரண்டும் உண்டு, அதே வீதியைத் தாண்டி மார்க்கம் பக்கம் போனால் ஒன்றுதான். முதல் வீடு என்றால் மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் தள்ளுபடி தரும், அப்போது ஸ்காபரோவில் 16,475, மார்க்கத்தில் 8,475 என்று வரும். லோயர், டைட்டில் இன்சூரன்ஸ் (வீட்டு உரிமைக்கான காப்பீடு) எல்லாம் சேர்த்து ஒரு 2,500 போடுங்கள். ஸ்காபரோவில் முதல் வீடு வாங்குபவருக்கு எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 76,000. லாரிக்கும் திரைச்சீலைக்கும் இன்னும் கணக்குப் போடவில்லை.

முதல் வீடு தள்ளுபடிதானே, எங்களுக்குக் கட்டாயம் கிடைக்கும்?

யாழ்ப்பாணத்தில் மனைவி பெயரில் சீதன வீடு இருக்கிறதா? இருந்தால் கிடைக்காது. லேண்ட் டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் தள்ளுபடிக்கு விதி என்னவென்றால், உலகத்தில் எங்கேயும் எப்போதும் ஒரு வீட்டிலோ வீட்டின் பங்கிலோ உங்களுக்கு உரிமை இருந்திருக்கக் கூடாது. கணவன் அல்லது மனைவிக்கும், உங்களோடு மணவாழ்வில் இருக்கும் காலத்தில் வீடு இருந்திருக்கக் கூடாது. ஆகவே அந்தச் சீதன வீடு இரண்டு பேரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். கனடாவில் இதுதானே முதல் வீடு என்று கையெழுத்து வைத்துவிடாதீர்கள், அது சத்தியக் கூற்று. லோயரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எஃப்.எச்.எஸ்.ஏ. என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்குக்கு விதி வேறு. இந்த ஆண்டிலும் முந்தைய நான்கு ஆண்டுகளிலும் உங்களுக்கோ துணைக்கோ சொந்தமான வீட்டில் நீங்கள் குடியிருக்கவில்லை என்றால் அது திறக்கலாம். ஆண்டுக்கு 8,000, மொத்தம் 40,000, ஆளுக்கு ஒன்று. ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து வீட்டுக்கு எடுக்கும் வரம்பும் 2024 ஏப்ரலில் 35,000 இலிருந்து 60,000 ஆகிவிட்டது. ஆனால் போட்ட காசு 90 நாளாவது உள்ளே இருக்க வேண்டும், அதனால் வசந்தத்தில் வாங்குகிறவர் மார்கழிக் குளிரிலேயே இதை யோசிக்க வேண்டும்.

சீட்டுக் காசு வருகிறது, அதை டவுன் பேமென்டாகக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் வங்கி 90 நாள் கணக்கு விவரம் கேட்கும். நடுவில் திடீரென்று 20,000 விழுந்திருந்தால் எங்கிருந்து வந்தது என்று கடதாசி கேட்பார்கள், சீட்டுக்குக் கடதாசி ஏது? மூன்று மாதத்துக்கு முன்பே எடுத்து வங்கியில் போட்டுவிடுங்கள். அம்மா அப்பா தரும் காசென்றால் திருப்பித் தரத் தேவையில்லை என்று அன்பளிப்புக் கடிதம் கொடுத்தால் போதும்.

வங்கி பிரீ-அப்ரூவல் கொடுத்துவிட்டதே, இனி என்ன பயம்?

இவ்வளவு கடன் தரலாம் என்ற அந்த முன்ஒப்புதல் கடிதம் உங்கள் வருமானத்தைப் பார்த்து எழுதியது, வீட்டை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் கட்டும் வட்டியோடு 2 சதவீதம் கூட்டியோ, அல்லது 5.25 சதவீதத்திலோ, எது கூடவோ அதில் தாக்குப்பிடிப்பீர்களா என்று பார்த்திருப்பார்கள். உங்கள் ஆஃபர் ஏற்கப்பட்ட பிறகு வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். 12 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள், 20 சதவீதம் கட்டி 960,000 கடன் என்று திட்டம். மதிப்பீட்டாளர் வந்து 11 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டார். வங்கி 11 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 880,000 மட்டும் தரும். மீதி 80,000 குளோசிங்குக்குள் நீங்கள் தேட வேண்டும், நிபந்தனை இல்லாமல் கையெழுத்து வைத்திருந்தால் பின்வாங்கவும் முடியாது.

நடக்காத கதை ஒன்றும் இல்லை. 2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தின் சராசரி விலை 1.33 மில்லியனைத் தொட்டது. மார்ச் 2 அன்று நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது, 0.25 இல் இருந்தது 2023 ஜூலையில் 5 சதவீதத்துக்குப் போனது. 2022 கோடையிலேயே சராசரி 1.1 மில்லியனுக்குக் கீழே வந்துவிட்டது. பெப்ரவரியில் உச்ச விலைக்கு வாங்கி ஜூனில் குளோசிங் வைத்தவர்கள் பட்ட பாட்டை ஸ்காபரோவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2017 ஏப்ரலில் மாகாண அரசு வெளிநாட்டவருக்கு 15 சதவீத வரி அறிவித்த பிறகும் இதேபோல் சந்தை திரும்பியது, குளோசிங் செய்யாமல் விட்டவர்கள் முற்பணத்தையும் இழந்து, விற்பவர் பிறகு குறைத்து விற்ற வித்தியாசத்துக்கும் வழக்கைச் சந்தித்தார்கள். முற்பணம் போனால் போகட்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்க வேண்டும்.

899,000 என்று போட்ட வீடு எப்படி 1.1 மில்லியனுக்குப் போகிறது?

போட்ட விலை சும்மா கூட்டம் சேர்க்க. வியாழக்கிழமை வீட்டைப் போட்டு, சனி ஞாயிறு ஓபன் ஹவுஸ் வைத்து, அடுத்த செவ்வாய் இரவு 7 மணிக்கு ஆஃபர் பார்ப்போம் என்று அறிவிப்பார்கள். அதுதான் ஆஃபர் நைட். விலைப்பட்டியலை மறந்துவிட்டு, அதே தெருவில், அதே அளவில், கடந்த இரண்டு மூன்று மாதத்தில் என்ன விலைக்கு விற்கப்பட்டது என்று பாருங்கள். 2018 இல் உச்ச நீதிமன்றம் ரொறன்ரோ ரியல் எஸ்டேட் வாரியத்தின் மேல்முறையீட்டை எடுக்க மறுத்த பிறகு, விற்ற விலைகள் ஹவுஸ்சிக்மா போன்ற தளங்களில் பதிவு செய்த யாருக்கும் கிடைக்கின்றன.

உங்கள் உச்ச விலையை ஞாயிற்றுக்கிழமை, தேநீர் குடித்துக்கொண்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். செவ்வாய் இரவு பத்தரை மணிக்கு, காருக்குள் பிள்ளைகள் தூங்க, ஏஜென்ட் ஃபோனில் இன்னும் 15,000 கூட்டினால் வீடு உங்களுக்கு என்று சொல்லும்போது எழுதுகிற எண் நல்ல எண்ணாக இருக்காது.

ஒன்பது ஆஃபர் இருக்கிறது என்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரியும்?

எழுத்தில் கையெழுத்தோடு வந்ததைத்தான் ஆஃபர் என்று எண்ண முடியும், எத்தனை என்பதை ஆஃபர் போட்ட எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். வந்த ஆஃபர்களுக்கு விற்பவரின் தரகு நிறுவனம் பதிவு வைத்திருக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் ரீக்கோ என்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையிடலாம். 2023 டிசம்பர் 1 இலிருந்து புதுச் சட்டம் இருக்கிறது: விற்பவர் விரும்பினால் மற்றவர்கள் என்ன விலை போட்டார்கள் என்பதையும் வெளியே சொல்லலாம். விற்பவர் விரும்பினால்தான், கட்டாயம் இல்லை. எண்ணிக்கையைக் கேட்டு மிரளவும் வேண்டாம், ஒன்பதில் ஐந்தாறு பேர் போட்ட விலைக்கே கிடைக்குமா என்று கல்லெறிந்து பார்ப்பவர்களாக இருப்பார்கள்.

புல்லி ஆஃபர் போடலாமா?

ஆஃபர் நைட்டுக்கு முன்பே நல்ல விலையோடு போய், இன்று இரவுக்குள் பதில் சொல் என்பதுதான் அது. வீடு உங்களுக்கு அச்சொட்டாகப் பொருந்தினால் போடலாம். தெருவில் விற்ற விலைகளைப் பார்க்காமல் போட்டீர்களானால், போட்டியே இல்லாமல் போட்டி விலை கொடுத்தவர் ஆவீர்கள்.

நிபந்தனை வைத்தால் வீடு கிடைக்காது என்று ஏஜென்ட் சொல்கிறார்.

ஆஃபர் நைட்டில் அது பெரும்பாலும் உண்மைதான். அதனால் நிபந்தனை செய்யும் வேலையை முன்பே செய்துவிடுங்கள். இன்ஸ்பெக்ஷனுக்கு ஆஃபருக்கு முன்பே ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம், ஏறத்தாழ 500 டொலர், வீடு கிடைக்காமல் போனால் அந்தக் காசு போனது போனதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். காண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் ஸ்டேட்டஸ் சர்டிஃபிக்கேட்டை, அதாவது கட்டிட நிர்வாகத்தின் நிலைமையைச் சொல்லும் சான்றிதழை லோயர் பார்த்திருக்க வேண்டும், அதற்குக் கட்டணம் 100 டொலர்தான், ஆனால் கொடுக்க 10 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் விற்பவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கடன் நிபந்தனையை விடுவதற்கு மட்டும் என் அளவுகோல் ஒன்றுதான்: மதிப்பீடு 8 சதவீதம் குறைவாக வந்தாலும் அந்த வித்தியாசத்தைப் போட உங்களிடமோ, உறுதியாகத் தருகிற சொந்தத்திடமோ காசு இருந்தால் விடலாம், இல்லாவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடலாம்.

ஆஃபர் ஏற்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 5 சதவீத முற்பணம் வங்கி டிராஃப்டாகக் கொடுக்க வேண்டி வரும். ஒரு வருடத்துக்கு முடக்கி வைத்த வைப்புக் கணக்கில் அந்தக் காசு இருந்தால் உதவாது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

குசினியின் குவார்ட்ஸ் மேசையை எல்லோரும் பார்ப்பார்கள், நீங்கள் நேரே பேஸ்மென்டுக்கு இறங்குங்கள். வசந்தத்தில் வாங்குவதில் இருக்கும் ஒரே இலவச நன்மை, பனி கரைந்த தண்ணீர் சுவரைச் சோதித்துக் காட்டும் காலம் இது. சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் புதுப் பெயின்டா? சிமென்ட் கல்லில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி இருக்கிறதா? ஒரு சுவரோடு மட்டும் பெட்டிகளை அடுக்கி மறைத்திருக்கிறார்களா? ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஏன் இப்போதே ஓடிக்கொண்டிருக்கிறது? ஊதுபத்தி, வாசனை மெழுகுவர்த்தி வாடை அளவுக்கு மீறி இருந்தால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும். வெளியே வந்து, கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, மண் வீட்டை நோக்கிச் சரிகிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

1960களின் கடைசியிலிருந்து 70களின் நடுப்பகுதி வரை கட்டிய வீடுகளில் அலுமினிய வயரிங் இருக்கலாம், வீட்டு இன்சூரன்ஸ்காரர்கள் மின் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். ஏசியைக் குளிர் நாளில் ஓட்டிப் பார்க்க முடியாது, அதன் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுடுதண்ணித் தொட்டி, ஃபர்னஸ் வாடகையா சொந்தமா என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டு வாசலில் வந்து விற்கிறவர்கள் அந்த வாடகை ஒப்பந்தங்களை வீட்டு உறுதிப் பத்திரத்தின் மேலேயே பதிவு செய்து வைத்த காலம் ஒன்று இருந்தது. 2024 ஜூனில் ஒன்ராறியோ அதைத் தடை செய்துவிட்டாலும், பழைய ஒப்பந்தம் இன்னும் இருக்கலாம்.

பேஸ்மென்டில் குடியிருப்பவரோடு வீடு வருகிறது. வாடகை வந்தால் நல்லதுதானே?

அவர் அப்படியே இருக்கட்டும் என்றால் நல்லது, பழைய வாடகை ஒப்பந்தம் உங்களுக்கு மாறும். நீங்கள் குடிபோக அவர் காலி செய்ய வேண்டும் என்றால் கதை வேறு. விற்பவர் என்12 என்ற, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், குறைந்தது 60 நாள், அதுவும் வாடகைத் தவணை முடியும் நாளில் முடிய வேண்டும், ஒரு மாத வாடகை இழப்பீடும் உண்டு. அவர் போகமாட்டேன் என்றால் வாடகை வாரியத்தில் விசாரணைக்கே பல மாதம் பிடிக்கும். ஆகவே குளோசிங்கில் வீடு காலியாகக் கிடைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், அந்தப் பேஸ்மென்ட் நகர அனுமதியோடு கட்டியதா என்றும் பாருங்கள்.

மச்சான் ஏஜென்டாக இருக்கிறார். அவரிடமே போகலாமா?

மச்சான் முழுநேரமாக இதைச் செய்கிறாரா, நீங்கள் வாங்கும் பகுதியில் போன வருடம் எத்தனை வீடு முடித்தார் என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாங்குபவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் முன் எத்தனை மாதம், எத்தனை சதவீதம் என்று படியுங்கள், விற்பவர் பக்கம் குறைவாகத் தந்தால் மீதியை நீங்கள் தர வேண்டும் என்று அதில் இருக்கும். விற்பவருக்கும் அவரே ஏஜென்ட் என்றால் எழுத்தில் சம்மதம் கேட்பார், நான் கொடுக்கமாட்டேன்.

விற்கிறோம். என்ன செலவு, என்ன தயாரிப்பு?

முதலில் வங்கிக்கு ஃபோன் செய்து மோர்ட்கேஜைத் தவணை முடியும் முன்பே உடைக்க எவ்வளவு என்று கேளுங்கள். நிலையான வட்டி என்றால் அபராதம் மூன்று மாத வட்டியோடு நிற்காமல் பல ஆயிரமாகப் போகலாம். புது வீட்டுக்கு அதே கடனைக் கொண்டுபோக முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள். கமிஷன் இங்கே வழக்கமாக 5 சதவீதம் என்பார்கள், சட்டம் அப்படி எதுவும் சொல்லவில்லை, பேசலாம். ஒரு மில்லியனுக்கு 50,000, அதன் மேல் 13 சதவீத எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி 6,500. குடியிருந்த வீடு என்றால் இலாபத்துக்கு வரி இல்லை, ஆனால் வருமான வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். வாங்கி 12 மாதத்துக்குள் விற்றால், விவாகரத்து, வேலை மாற்றம் போன்ற விலக்குகள் இல்லாவிட்டால், அது வியாபார வருமானமாகக் கணக்கிடப்படும்.

தயாரிப்பு என்றால், மனம் நோகாமல் கேளுங்கள்: பொரித்த மீன் வாசம். நமக்குத் தெரியாது, உள்ளே வருபவருக்கு முதல் அடியிலேயே தெரியும். வீட்டைப் போடுவதற்கு இரண்டு கிழமை முன்பே பொரியல் தாளிதம் எல்லாவற்றையும் பின்பக்கத்துக்கோ கராஜுக்கோ மாற்றி, திரைச்சீலையைத் தோய்த்து, ஃபர்னஸ் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். சாமியறையை எடுக்கத் தேவையில்லை, வாங்க வருபவர்களில் பாதிப்பேர் அதைத் தேடித்தான் வருகிறார்கள்.

ஜூன் 30 குளோசிங் என்றால் ஆனி மாதம் அல்லவா?

ஆனியில் குடிபுகமாட்டோம் என்பவர்கள் வைகாசி முடிவதற்குள், அதாவது ஜூன் நடுப்பகுதிக்குள் கேட்டுப் பார்க்கலாம், அல்லது ஆவணிக்குத் தள்ளலாம். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் சாவியை வாங்கிவிட்டு, நல்ல நாளில் பால் காய்ச்சுங்கள். குளோசிங்கை முகூர்த்த நேரத்துக்கு வைக்கவே முடியாது, பதிவு வேலை நாளில்தான் நடக்கும், சாவி மத்தியானம் இரண்டுக்கும் வரும், ஐந்துக்கும் வரும். எந்த மாதமானாலும் நீண்ட விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையை மட்டும் தவிருங்கள். காசு ஒரு மணி நேரம் பிந்தினால் லாரியோடு திங்கள் தாண்டிக் காத்திருக்க வேண்டி வரும்.

கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறினால்?

ஒன்ராறியோவில் பழைய வீட்டுக்கு யோசிக்கும் அவகாசம் கிடையாது. பில்டரிடம் வாங்கும் புதுக் காண்டோவுக்கு 10 நாள் உண்டு. வான்கூவரில் இருக்கும் சிநேகிதர் மூன்று நாள் இருக்கிறது என்று சொன்னால், அவர் சொல்வது பிரிட்டிஷ் கொலம்பியாவின் 2023 சட்டம்.

லண்டனில் இருக்கும் தம்பியையும் உறுதியில் சேர்க்கலாமா?

அவர் கனடியக் குடிமகனோ நிரந்தர வதிவாளரோ இல்லை என்றால் வேண்டாம். ஒரு சின்னப் பங்குக்கு அவர் பெயர் இருந்தாலும் வீட்டின் முழு விலைக்கும் 25 சதவீத மாகாண வரி வரலாம், ரொறன்ரோவுக்குள் என்றால் 2025 இலிருந்து நகரத்துக்கு இன்னும் 10 சதவீதம். அதற்கு மேல் வெளிநாட்டவர் வாங்குவதற்கான மத்திய அரசின் தடை 2027 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. காசு தர விரும்பினால் தரட்டும், உறுதியில் பெயர் வேண்டாம்.

நான்கு வீட்டுக்கு ஆஃபர் போட்டுத் தோற்றுவிட்டோம். என்ன செய்வது?

ஆஃபர் நைட்டில் விற்காமல் போன வீடுகளைத் தேடுங்கள். 899,000 என்று போட்டதை இரண்டு நாளில் எடுத்துவிட்டு 1,149,000 என்று திரும்பப் போட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். எதிர்பார்த்த விலை வரவில்லை, விற்பவர் சோர்ந்திருக்கிறார், கூட்டமும் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தினம் தாண்டிவிட்டால் இப்படிப்பட்ட வீடுகள் இன்னும் கூடும். ஒரு கிழமை விட்டு, தெருவில் விற்ற விலையோடு, கடன் நிபந்தனையும் இன்ஸ்பெக்ஷன் நிபந்தனையும் ஐந்து வேலை நாளுக்கு வைத்து ஆஃபர் கொடுங்கள், அப்போது உட்கார்ந்து பேசுவார்கள்.